மோட்டார்ப் பந்தயமும் காவலரும்

புதுக்கோட்டைச் சீமையில் குளத்தூர் என்னும் பெயரை அறியாதார் இலர். பழைய தொண்டைமான் சமஸ்தானத்தில் இருந்த மூன்று வட்டங்களுள் ஒன்றுக்குத் தன் பெயரைத் தந்த ஊர் அது. 1948ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்த பின்னும் வட்டத்தின் பெயர் மாறவில்லை. தலைமையிடம் மட்டும் கீரனூரில் இருக்கிறது. புதுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர்களில் கோயில் திருவிழாவை ஒட்டி நடைபெறும் மாட்டு வண்டிப் பந்தயத்தை உங்களுள் பலர் பார்த்திருப்பீர்கள். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு என்று வகை பிரிப்பார்கள். வண்டிகள் புறப்பட்ட இடத்திலிருந்து குறித்த ஓர் எல்லை வரை ஓடி, மீண்டும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். அந்த எல்லையை அவ்வட்டாரத்து மக்கள் ‘எல்கை’ என்பார்கள். பந்தயத்துக்கும் ‘எல்கைப் பந்தயம்’ என்றே பெயர்.

அத்தகைய பந்தயம் ஒன்றைக் குளத்தூர் வட்டத்தில் சாலை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர்ப் பெரியவர்கள் துண்டை வீசிக் கூட்டத்தை ஒதுக்கிக் கொண்டிருந்தார்கள். காவலர்கள் எதிர்ப்பக்கத்து வண்டிகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற பள்ளி மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான்: “ஐயா, இங்கே பந்தயத்துக்குப் போலீசார் காவல் நிற்கிறார்கள். தொலைக்காட்சியில் வரும் கதைகளில் மட்டும் பந்தயம் ஓட்டுகிறவனைப் போலீசார் துரத்திக்கொண்டே இருக்கிறார்களே, அது ஏன்?”

“நல்ல கேள்வி கேட்டாய், தம்பி” என்றேன். ஆனால் அப்போது முழு விடை சொல்ல இயலவில்லை. அதைத் தேடிப் போனபோது மோட்டார் வண்டியின் வரலாறு முழுவதையுமே ஒரு முறை திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. அன்று சொல்லாத விடையை இப்போது சொல்ல முற்படுகிறேன்.

முதலில் கதைகளை எடுத்துக்கொள்வோம். காவல் துறையைப் பற்றிய நாடகங்களும் படங்களும் மோட்டார்ப் பந்தயத்தைப் பெரிதும் விரும்புகின்றன. கலிபோர்னியா நெடுஞ்சாலைக் காவலரைப் பற்றிய ‘சிப்ஸ்’ என்ற அமெரிக்கத் தொடர் 1977 முதல் 1983 வரை ஓடியது. ஜெர்மானிய நெடுஞ்சாலைக் காவலரைப் பற்றிய ‘கோப்ரா 11’ என்ற தொடர் 1996இல் தொடங்கியது. இந்தியில் 2004ஆம் ஆண்டு வெளிவந்த ‘தூம்’ படத்தில் மோட்டார் சைக்கிளில் பறந்து கொள்ளையிடும் கூட்டத்தை ஒரு காவல் அதிகாரி பின்தொடர்கிறார். தமிழில் 2022ஆம் ஆண்டு எச். வினோத் இயக்கத்தில் வெளிவந்த ‘வலிமை’யிலும் அதே அமைப்புத்தான். இத்தகைய கதைகளில் சாலை ஒன்று, வேகமாகச் செல்லும் குற்றவாளி ஒருவன், அவனை விடாது பின்தொடரும் அதிகாரி ஒருவர் ஆகிய மூன்றும் தவறாமல் வருகின்றன. துரத்தல் என்பதே ஒரு பந்தயந்தான். அறமும் மறமும் ஓட்டுகின்ற பந்தயம் என்று பார்ப்பவருக்குத் தோன்றுகிறது. ஆகையால் கதாசிரியர்கள் அதை விடுவதில்லை.

இந்தப் பகை வெறுங் கற்பனை அன்று. மோட்டார் வண்டி பிறந்த காலத்திலேயே அதுவும் பிறந்துவிட்டது.

இங்கிலாந்தில் 1865ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று குதிரையின்றி ஓடும் வண்டிகள் நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைலுக்கும், ஊருக்குள் 2 மைலுக்கும் மேல் செல்லலாகாது என்று விதித்தது. அது நீராவி எந்திரங்களை நினைந்து இயற்றப்பட்ட சட்டம். பெட்ரோல் வண்டி வந்தபோதும் அதுவே நடப்பில் இருந்தது. 1896ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் கென்ட் மாவட்டத்தைச் சேர்ந்த வால்டர் ஆர்னால்டு என்பவர் ஊருக்குள் மணிக்கு 8 மைல் வேகத்தில் மோட்டாரை ஓட்டிச் சென்றார். அதைக் கண்ட காவலர் ஒருவர் தம் சைக்கிளில் ஏறி ஏறத்தாழ 5 மைல் தூரம் துரத்திச் சென்று அவரைப் பிடித்தார். வேகத்துக்காக மட்டும் அவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் ஒரு ஷில்லிங். இன்று திரையில் நாம் காண்கின்ற துரத்தல் காட்சிகளுக்கெல்லாம் முன்னோடி இந்தச் சைக்கிள் துரத்தல்தான். 8 மைல் என்பது நம் வேகத்தில் மணிக்கு 13 கிலோ மீட்டர்கூட ஆகாது. அதே ஆண்டு நவம்பரில் சட்டம் தளர்த்தப்பட்டு, வேக வரம்பு 14 மைலாக உயர்ந்தது. அந்த விடுதலையைக் கொண்டாட இலண்டனிலிருந்து பிரைட்டனுக்கு மோட்டார்கள் ஊர்வலமாகச் சென்றன.

பிரான்சு நாட்டின் கதை வேறு. அங்கே நேர்கோட்டில் நீண்டு கிடந்த நெடுஞ்சாலைகள் இருந்தன; தடையும் குறைவு. 1894ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் பாரிசு நகரிலிருந்து ரூவான் நகருக்கு 126 கிலோ மீட்டர் தூரம் வண்டிகளைச் செலுத்தும் போட்டி ஒன்றை ஒரு செய்தித்தாள் நடத்திற்று. உலகின் முதல் மோட்டார்ப் போட்டி என்று பலரும் குறிப்பது இதனையே. இதில் ஒரு வியப்பு உண்டு. முதலில் வந்து சேர்ந்தது தெ தியோன் பிரபுவின் நீராவி வண்டி. ஆயினும் முதற்பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. அபாயமின்றி ஓடுவதும், ஓட்டுவதற்கு எளிதாக இருப்பதும், செலவு குறைவாக ஆவதும் ஆகிய மூன்றையே நடுவர்கள் அளவுகோலாகக் கொண்டார்கள். நீராவி வண்டிக்கு நெருப்பைக் கவனிக்கத் தனியாள் ஒருவர் தேவைப்பட்டதால் அது தகுதி இழந்தது. பெழோ, பனார் லெவாசர் என்னும் இரு நிறுவனங்களின் பெட்ரோல் வண்டிகள் பரிசைப் பகிர்ந்துகொண்டன. பந்தயம் தொடங்கிய நாளில் வேகம் மட்டுமே தகுதியாகக் கருதப்படவில்லை என்பதை இங்கே கருத வேண்டும்.

அடுத்த ஆண்டிலேயே நிலைமை மாறிற்று. 1895இல் பாரிசிலிருந்து போர்தோ சென்று திரும்பும் பந்தயத்தில், ஏறத்தாழ 1,180 கிலோ மீட்டர் தூரத்தை எமில் லெவாசர் என்பவர் 48 மணி 48 நிமிடத்தில் கடந்தார். சராசரி வேகம் மணிக்கு 24 கிலோ மீட்டர். எட்டே ஆண்டுகளில் அவ்வேகம் நான்கு மடங்குக்கு மேல் பெருகியது. 1903ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் விடியுமுன்னர் வெர்சாயிலிருந்து மாட்ரிட் நகரை நோக்கி மோட்டார்கள் புறப்பட்டன. அன்றைய தினம் முன்னணியில் ஓடிய வண்டியின் சராசரி வேகம் மணிக்கு 105 கிலோ மீட்டர். சாலையோ குதிரை வண்டிக்காகப் போட்ட மண் சாலை. ஒரு மோட்டார் முன்னே சென்றால் பின்னே வருபவனுக்குப் புழுதியைத் தவிர ஒன்றும் தெரியாது. இரு மருங்கும் திரண்டு நின்ற மக்களோ, பாய்ந்து வரும் வண்டியின் வேகம் இன்னதென்று அறியாதவர்கள். கடைசி நொடி வரை சாலை நடுவில் நின்று பார்த்தார்கள். ஓட்டுநரும், உடன் சென்ற பணியாளரும், வேடிக்கை பார்க்க வந்தவரும் அன்று மாண்டனர். ரெனோ நிறுவனத்தைத் தோற்றுவித்த சகோதரருள் ஒருவரான மார்செல் ரெனோவும் அந்தப் பந்தயத்தில் உயிரிழந்தார். பிரெஞ்சு அரசாங்கம் போர்தோ நகரிலேயே பந்தயத்தை நிறுத்திவிட்டது. எந்திரங்களை இயக்கவும் அனுமதி இல்லை. குதிரைகளைப் பூட்டி மோட்டார்களை இரயில் நிலையத்துக்கு இழுத்துச் சென்றார்கள். குதிரையை வென்றுவிட்டோம் என்று இறுமாந்திருந்த வண்டிகள் குதிரையின் பின்னாலேயே ஊர் திரும்பின.

மோட்டார்ப் பந்தயம் அன்றே மறைந்திருக்கலாம். அப்படி மறையாமல் அதைக் காத்தது சட்டத்தின் கண்டிப்பேயாகும். இங்கிலாந்தில் பொதுச் சாலையில் பந்தயம் நடத்தச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. ஆகவே ஹியூ லாக் கிங் என்ற செல்வர் ஒருவர், சர்ரே மாவட்டத்தில் தமக்குச் சொந்தமான நிலத்தில் பந்தயத்துக்கென்றே ஒரு பாதையைக் கட்டினார். 1907ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் திறக்கப்பட்ட ‘புரூக்லண்ட்ஸ்’ என்ற அந்தக் களம், மோட்டார்ப் பந்தயத்துக்காகக் கட்டப்பட்ட முதற் களமாகும். கான்கிரீட்டால் அமைந்த அதன் சுற்றளவு 2¾ மைல். வளைவுகளில் வண்டி வெளியே வீசப்படாதபடி பாதையின் வெளிப்புறம் கிணற்றுச் சுவர் போல் உயர்ந்து நின்றது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் களம் எழுந்தது. சாலையிலிருந்து விரட்டப்பட்டதனால்தான் பந்தயத்துக்குத் தனி வீடு கிடைத்தது என்று சொல்லலாம்.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் புரூக்லண்ட்ஸ் பந்தயக் களம் மூடப்பட்டது. விமானம் கட்டும் இடமாக அது மாறிற்று. போர் முடிந்த பின்னர் இதற்கு நேர்மாறான மாற்றம் நிகழ்ந்தது. போருக்காக அவசர அவசரமாகப் போடப்பட்ட விமானத் தளங்கள் பயனின்றிக் கிடந்தன. நீண்டு அகன்ற ஓடுபாதை, குறுக்கே வரும் பாதசாரி இல்லை, மாடு இல்லை, மரம் இல்லை. பந்தயத்துக்கு இதைவிடத் தக்க இடம் யாது? இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் என்ற பழைய குண்டுவீச்சு விமானத் தளத்தில் 1948 முதல் பந்தயங்கள் நடந்தன. 1950ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் உலகச் சாம்பியன் பட்டத்துக்கான முதல் ‘பார்முலா ஒன்’ பந்தயம் அங்கேதான் நடைபெற்றது.

நம் தமிழ்நாட்டிலும் அந்தப் போர் இத்தகைய தளங்களை விட்டுச் சென்றது. தெற்கே கயத்தாறு, வடக்கே உளுந்தூர்ப்பேட்டை, புதுக்கோட்டைக்கு அண்டையில் செட்டிநாடு ஆகிய இடங்களிலெல்லாம் போர்க்கால ஓடுபாதைகள் உண்டு. சென்னைக்கு வடக்கே கொல்கத்தா நெடுஞ்சாலைப் பக்கத்தில் உள்ள சோழவரமும் அவற்றுள் ஒன்று. 1950களில் சென்னையில் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுபாதையைப் பந்தயக் களமாக்கிற்று. ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவில் அமைந்த அந்தக் களத்தில் ஆண்டுதோறும் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடின. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் பந்தயக்காரர்கள் வந்தார்கள். ஓடுபாதை ஓரத்தில் நின்று பார்த்த பெருங்கூட்டத்தில் பட்டறைத் தொழிலாளியும் இருந்தார்; ஆலை முதலாளியும் இருந்தார்.

அந்த நாட்களில் வெளிநாட்டுப் பந்தயக் கார்களை இறக்குமதி செய்வது எளிதன்று. நாட்டில் கிடைத்தவை அம்பாசிடரும் பியட்டும் ஸ்டாண்டர்டு ஹெரால்டுமே. குடும்பத்தோடு கோயிலுக்குச் செல்லும் அதே காரைப் பிரித்து, எடையைக் குறைத்து, எந்திரத்தைத் திருத்தி, பந்தயத்துக்கு அனுப்பினார்கள். இதனால் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ஒரு தனிக் கைத்திறன் வளர்ந்தது. கோவை எஸ். கரிவர்தன் அந்தத் திறனின் உச்சியில் நின்றவர். பந்தயத்தில் வென்றதோடு நில்லாமல், மாருதி காரின் எந்திரத்தைக் கொண்டே குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை அவர் உருவாக்கினார். ‘பார்முலா மாருதி’ என்ற அந்த வகையால், பெருஞ்செல்வர் அல்லாத இளைஞர்களுக்கும் பந்தயக் கல்வி கிட்டிற்று. 1995இல் விமான விபத்தொன்றில் அவர் இளமையிலேயே காலமானார். கோவைக்கருகில் செட்டிப்பாளையத்தில் உள்ள 2.1 கிலோ மீட்டர் களம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஓடுபாதை என்பது இரவல் வீடு. சொந்த வீடு வேண்டும் என்று சென்னைக் கிளப் எண்ணியது. திருப்பெரும்புதூருக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான களம் ஒன்றை அமைத்து 1990இல் திறந்தது. 3.7 கிலோ மீட்டர் நீளமும் 12 வளைவுகளும் உடையது அது. அந்தத் தமிழ்நாட்டுப் பந்தய மரபில் வளர்ந்தவர் கோவை நாராயண் கார்த்திகேயன். அவர் தந்தையாரும் மோட்டார்ப் போட்டிகளில் பெயர் பெற்றவர். நாராயண் 2005ஆம் ஆண்டு ஜோர்டன் அணியில் சேர்ந்து, பார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஆனார். 2010இல் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் இரண்டாமவராக அங்கே நுழைந்தார். 2011 முதல் 2013 வரை மூன்று ஆண்டுகள் தில்லிக்கருகில் கிரேட்டர் நொய்டாவில் பார்முலா ஒன் பந்தயம் நடைபெற்றது. மூன்றிலும் வென்றவர் ஜெர்மானியரான செபாஸ்டியன் வெட்டல்.

இனி, அந்த மாணவனின் கேள்விக்கு நெருங்கி வருவோம். களத்துக்குள் காவலர் இல்லையா? உண்டு, மிகக் கண்டிப்பான காவலர்கள் உண்டு. பாதை நெடுகிலும் வளைவுக்கு வளைவு கொடியேந்தி நிற்கும் மார்ஷல்களே அவர்கள். மஞ்சட் கொடி உயர்ந்தால் முன்னே ஆபத்து. அங்கே ஒருவரையொருவர் முந்தலாகாது. நீலக் கொடி காட்டினால் பின்னே வரும் விரைந்த வண்டிக்கு வழிவிட வேண்டும். கருங் கொடி காட்டினால் அந்த ஓட்டுநர் களத்தை விட்டு உள்ளே வந்துவிட வேண்டும். செங்கொடி உயர்ந்தால் பந்தயமே நின்றுவிடும். வெற்றி ஒரு வளைவு தூரத்தில் இருந்தாலும் சரி, உலகச் சாம்பியனாக இருந்தாலும் சரி, கொடியை மதியாதவனுக்குத் தண்டனை தப்பாது.

மற்றொரு செய்தி உங்களுக்கு வியப்பளிக்கலாம். மணிக்கு 300 கிலோ மீட்டருக்கு மேல் பறக்கும் பார்முலா ஒன் பந்தயத்திலும் வேக வரம்பு உண்டு. டயர் மாற்றுவதற்காக வண்டி ஒதுங்கும் ‘பிட்’ என்ற பக்கப் பாதையில், பெரும்பாலான களங்களில் மணிக்கு 80 கிலோ மீட்டரைத் தாண்டலாகாது. தாண்டினால் அபராதம். அங்கே வேலையாட்கள் கால்நடையாக நடமாடுகிறார்கள் என்பதே காரணம். 1994ஆம் ஆண்டு இத்தாலியில் இமோலா களத்தில், பெரும் ஓட்டுநர் அயர்டன் சென்னா உட்பட இருவரைப் பறிகொடுத்த அந்தக் கொடிய வார இறுதியில், பிட் பாதையில் ஒரு காரிலிருந்து கழன்ற சக்கரம் வேலையாட்களைக் காயப்படுத்தியது. அதன் பின்னரே இந்த விதி வந்தது. மனிதன் நடக்கும் இடத்தில் எந்திரம் பணிந்து செல்ல வேண்டும் என்பதை, உலகின் அதிவேக ஓட்டுநர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இத்தனை காவல் இருந்தும் பந்தயம் முற்றிலும் அபாயமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். 1955ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் பிரான்சில் லெ மான் களத்தில், மோதிய கார் ஒன்று பார்வையாளர் நடுவே பாய்ந்து சிதறி 80 பேருக்கு மேல் இறந்தனர். சுவிட்சர்லாந்து சுற்றுப் பந்தயங்களையே தடை செய்துவிட்டது. 1957இல் இத்தாலியின் ‘மில்லே மிலியா’ சாலைப் பந்தயத்தில் சிறு குழந்தைகள் உட்படப் பார்வையாளர்கள் இறந்ததும் அப்பந்தயம் முடிவுக்கு வந்தது. நம் இருங்காட்டுக்கோட்டையிலும் 2023ஆம் ஆண்டில் இரண்டு உயிர்கள் போயின. ஒருவர் அனுபவம் மிக்க கார் ஓட்டுநர். மற்றவர் 13 வயதே ஆன மோட்டார் சைக்கிள் வீரர். தலைக்கவசம் அணிந்து, மருத்துவர் காத்திருக்க, ஆம்புலன்சு அருகில் நிற்க, அத்தனை ஏற்பாடும் கொண்ட களத்திலேயே இப்படி நேருமாயின், இவற்றுள் ஒன்றும் இல்லாத பொதுச் சாலையில் நேரக்கூடியதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பள்ளிக் கணக்கு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கை அழுத்துவதற்கு ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். உலர்ந்த நல்ல தார்ச்சாலையில் மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நிற்பதற்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேண்டும். 80 கிலோ மீட்டர் வேகத்தில் 58 மீட்டர் வேண்டும். 120 கிலோ மீட்டர் வேகத்தில் 114 மீட்டர் வேண்டும். வேகம் மூன்று மடங்கானால் நிற்கும் தூரம் ஏறத்தாழ ஆறு மடங்காகிறது. பிரேக் பிடித்த பின் வழுக்கிச் செல்லும் தூரம் மட்டும் ஒன்பது மடங்காகிறது. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஆற்றல் பெருகும் என்று இயற்பியல் ஆசிரியர் கரும்பலகையில் எழுதியதன் பொருள் இதுதான். களத்தில் இதற்காகவே வளைவுக்கு வெளியே சரளை மணற் பரப்பும், டயர்களை அடுக்கிய சுவரும் அமைக்கிறார்கள். நம் ஊர்ச் சாலையின் வளைவுக்கு வெளியே இருப்பதோ புளிய மரம், பெட்டிக் கடை, தண்ணீர்க் குடத்தோடு வரும் ஒரு தாய்.

நம் நாட்டுச் சட்டமும் இந்த வேறுபாட்டையே மனத்திற் கொண்டிருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு, மாநில அரசின் எழுத்து மூலமான இசைவின்றிப் பொது இடத்தில் மோட்டார்ப் பந்தயம் ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மறுமுறை அதே குற்றம் செய்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை நீளலாம். அதே திருத்தம் கொணர்ந்த 199 ‘அ’ பிரிவின்படி, வயது வராத சிறுவன் வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளர் பொறுப்பேற்க வேண்டும். 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. மகனுக்குப் பிறந்த நாள் பரிசாக மோட்டார் சைக்கிள் வாங்கித் தரும் தந்தைமார் இதையும் படித்து வைத்துக்கொள்வது நலம்.

இந்தச் சட்டத்தின் சொற்களைக் கவனியுங்கள். பந்தயம் ஓட்டாதே என்று அது சொல்லவில்லை. பொது இடத்தில், இசைவின்றி ஓட்டாதே என்றுதான் சொல்கிறது. இசைவு பெற்றால் என்ன நேரும் என்பதற்குச் சென்னையே சான்று. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாளும் மறுநாளும் தீவுத் திடலைச் சுற்றியுள்ள நகரச் சாலைகளில் 3.5 கிலோ மீட்டர் சுற்றுப் பாதை அமைத்து, இரவு விளக்கொளியில் பார்முலா நான்கு வகைக் கார்கள் ஓடின. 2023 டிசம்பரில் நடக்க இருந்த அந்தப் பந்தயம் மிக்சாம் புயலால் தள்ளிப்போனது. பொதுச் சாலையில் இதை நடத்தலாமா என்று உயர் நீதிமன்றத்தில் வழக்கும் நடந்தது. நிபந்தனைகள் விதித்தே நீதிமன்றம் இசைந்தது. சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் பாதுகாப்புச் சான்று வந்த பிறகே வண்டிகள் புறப்பட்டன. இது நகருக்குத் தேவைதானா என்று கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்வியிலும் நியாயம் உண்டு. ஆனால் அந்த இரண்டு நாளும் காவலர்கள் பந்தயக்காரரைத் துரத்தவில்லை. குளத்தூர் வட்டத்துச் சாலையில் நின்றது போலவே, பந்தயத்துக்குக் காவல் நின்றார்கள்.

இப்போது திரைக் கதைகளுக்குத் திரும்புவோம். காவலரும் பந்தயக்காரரும் எதிரிகள் என்று காட்டும் அந்தக் கதைகளை நடித்துக் காட்டியவர்கள் யார்? 1968இல் வெளிவந்த ‘புல்லிட்’ என்ற அமெரிக்கப் படத்தில், சான் பிரான்சிஸ்கோ நகரின் மேட்டுத் தெருக்களில் கார் துரத்தல் ஒன்று உண்டு. பின்னர் வந்த துரத்தல்களுக்கெல்லாம் அது இலக்கணமாயிற்று. அதில் காவல் அதிகாரியாக நடித்த ஸ்டீவ் மெக்வீன், 1970இல் செப்ரிங் நகரில் நடந்த 12 மணி நேரப் பந்தயத்தில் மற்றோர் ஓட்டுநருடன் சேர்ந்து இரண்டாம் இடம் பெற்றவர். ‘வலிமை’யில் காவல் அதிகாரியாக வந்து பந்தயக் கூட்டத்தைத் துரத்தும் அஜித் குமாரோ, 2010ஆம் ஆண்டு ஐரோப்பாவில் பார்முலா இரண்டு பந்தயங்களில் ஓட்டியவர். 2025ஆம் ஆண்டு ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் பெயர் தாங்கிய அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. அவ்வாண்டே அவருக்குப் பத்ம பூஷண் விருது அறிவிக்கப்பட்டது. திரையில் காவலராக வந்து பந்தயக்காரரைத் துரத்துபவர், வாழ்க்கையில் பந்தயக்காரராகவே இருக்கிறார். ஆனால் அவர் தம் வேகத்தைக் காட்டும் இடம் கொடிக்கும் விதிக்கும் கட்டுப்பட்ட களம்.

கதை நமக்குக் காட்டாத சிலவும் உண்டு. துரத்தல் காட்சி எடுக்கும் சாலை, முன்னரே இசைவு பெற்று மூடப்பட்ட சாலையாகும். எதிரே வரும் லாரியை ஓட்டுபவர் பயிற்சி பெற்ற சண்டைக் கலைஞர். கேமராவைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி வைத்தாலும், படச்சுருளை மெதுவாக ஓட்டிப் படம் பிடித்தாலும், சாதாரண வேகம் திரையில் பன்மடங்காகத் தெரியும். உண்மைக் காவலரோ இப்படியெல்லாம் ஓடுவதில்லை; அடுத்த சோதனைச் சாவடிக்கு வானொலி மூலம் ஒரு சொல் அனுப்பிவிடுகிறார். அந்தச் சொல்லை முந்தும் மோட்டார் இன்னும் செய்யப்படவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நள்ளிரவில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டும் இளைஞர்கள் பார்ப்பது திரையில் தெரியும் வேகத்தை மட்டுமே. அதன் பின்னால் மறைந்திருக்கும் காவலை அவர்கள் பார்ப்பதில்லை.

அன்று கேட்ட அந்த மாணவனுக்கு நான் சொல்ல வேண்டிய விடை இதுதான். தம்பி, பந்தயக்காரனும் காவலரும் இயல்பில் பகைவர் அல்லர். 1896இல் சைக்கிளில் துரத்திய காவலரும், 1903இல் போர்தோவில் பந்தயத்தை நிறுத்திய அரசாங்கமும் மோட்டார்ப் பந்தயத்தைக் கொல்லவில்லை. அதைச் சாலையிலிருந்து களத்துக்கு அனுப்பி வாழவைத்தார்கள். அந்தக் களத்திலிருந்துதான் கரிவர்தனும் நாராயணும் தோன்றினார்கள். வேகமாக ஓட்ட வேண்டும் என்ற ஆசை உனக்கு இருந்தால் அதில் பழியில்லை. பட்டறையில் சென்று எந்திரத்தைக் கற்றுக்கொள். வயது வந்தபின் பயிற்சிப் பள்ளியில் சேர். கொடிகளின் பொருளை மனப்பாடம் செய். பிறகு களத்தில் இறங்கு. கதையில் வருபவனைப் போலச் சாலையில் மட்டும் இறங்காதே.

உன் ஊர்ப் பெரியவர்கள் படிக்காமலே இதை அறிந்திருக்கிறார்கள். அவர்கள் பந்தயத்துக்கு மாட்டின் பெயரையோ வேகத்தின் பெயரையோ இடவில்லை. எல்லையின் பெயரை இட்டிருக்கிறார்கள். வண்டி எவ்வளவு விரைந்து ஓடினாலும் எல்கை வரை சென்று, திரும்பிப் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தால்தான் பரிசு. திரும்பி வராத வண்டிக்கு எந்த ஊரிலும் பரிசு கொடுப்பதில்லை.